ஹீட்டரைப் போட்டால் குளிர்காற்று: வாசகர் கேள்வி – பதில்

கார் ஹீட்டரில் சூடு வரவில்லை என்ற ஒரே குறையைப் பல விதமாக எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். அறிகுறி ஒன்றுதான் என்றாலும் பழுது ஒவ்வொரு காரிலும் வேறு இடத்தில் இருக்கிறது. எனவே இந்த முறை பகுதி முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: இன்ஜின் நன்றாகச் சூடான பிறகும், குமிழைச் சிவப்புக் கோட்டின் கடைசிவரை திருப்பினாலும் குளிர்காற்றுதான் வருகிறது. ஹீட்டர் கோரை மாற்ற வேண்டும், அதற்கு டேஷ்போர்டு முழுவதையும் கழற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். வேறு வழியே இல்லையா?

டேஷ்போர்டில் கை வைக்கும் முன் என்னென்ன சோதித்தார் என்று அவரிடம் கேளுங்கள். ஹீட்டர் கோரும் காரணமாக இருக்கலாம். ஆனால் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) குறைவு, உள்ளே சிக்கிய காற்று, திறந்தபடியே நின்றுவிட்ட தெர்மோஸ்டாட் (ரேடியேட்டருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் வால்வு), அசையாத காற்றுக் கதவு ஆகிய நான்கும் இல்லை என்று தெரிந்த பிறகே அதன் பக்கம் போக வேண்டும். நான்கில் மூன்றைச் சரிசெய்ய டேஷ்போர்டைத் தொடவே வேண்டாம். நான்காவதற்கும் பல கார்களில் அதன் ஓரத்தைத் திறந்தால் போதும்.

இன்ஜின் உள்ள காரில் ஹீட்டருக்கென்று தனி அடுப்பு கிடையாது. எரிபொருளின் ஆற்றலில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை வெப்பமாகக் கூலன்ட்டுக்குள் இறங்குகிறது. அந்தக் கூலன்ட்டில் ஒரு பகுதி இரண்டு ரப்பர் ஹோஸ்கள் வழியே டேஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள குட்டி ரேடியேட்டருக்குப் போய்த் திரும்புகிறது. அந்தக் குட்டி ரேடியேட்டர்தான் ஹீட்டர் கோர். ப்ளோயர் ஊதும் காற்றில் எவ்வளவு அதன் வழியே போக வேண்டும், எவ்வளவு அதைத் தொடாமல் விலகிப் போக வேண்டும் என்பதை ஒரு பிளாஸ்டிக் கதவு பிரித்துவிடுகிறது. அதன் பெயர் ப்ளெண்ட் டோர். ஆக, கூலன்ட் சூடாகாமல் இருக்க வேண்டும், அல்லது சூடான கூலன்ட் கோருக்கு வந்து சேராமல் இருக்க வேண்டும், அல்லது வந்து சேர்ந்த சூட்டைக் காற்று தொடாமல் போக வேண்டும். சூடு எங்கே நின்றுபோகிறதோ அங்கேதான் பழுது. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கும் முன் எந்தப் பாகத்தையும் வாங்காதீர்கள்.

காலையில், இன்ஜின் முழுக்க ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். ரேடியேட்டரில் மூடி இல்லாத காரில் எக்ஸ்பான்ஷன் டேங்கின் மூடி. ரேடியேட்டரில் கழுத்துவரை, டேங்கில் ‘மின்’ (குறைந்தபட்சம்), ‘மேக்ஸ்’ (அதிகபட்சம்) என்ற கோடுகளுக்கு நடுவே கூலன்ட் நிற்க வேண்டும். சூடான இன்ஜினில் இந்த மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே சுமார் 1 பார் அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் நிற்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அது ஆவியாகி முகத்தில் பாயும்.

அளவு சரியாக இருந்தால் 15 நிமிடம் ஓட்டிவிட்டு வாருங்கள். வெப்பமானி முள் எங்கே நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். இன்ஜின் ஓடும்போதே ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ப்ளோயரை நடுத்தர வேகத்தில் விட்டு, பானெட்டைத் திறந்தால், இன்ஜின் அறைக்கும் கேபினுக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவருக்குள் அருகருகே நுழையும் இரண்டு ஹோஸ்கள் தெரியும். பெல்ட், விசிறி இரண்டிலிருந்தும் கை, துணி, தலைமுடி விலகியிருக்கட்டும்; ரேடியேட்டர் விசிறி எப்போது வேண்டுமானாலும் சுழலத் தொடங்கும். ஹோஸ்களின் வெப்பத்தை இன்ஃப்ராரெட் வெப்பமானியால் அளப்பது நல்லது. கதிரை ரப்பரின் மேல் காட்டுங்கள், பளபளக்கும் உலோகக் குழாயில் காட்டினால் அளவு தப்பாக வரும். கருவி இல்லையென்றால் விரலால் ஒரு கணம் மட்டும் தொட்டுப் பார்க்கலாம். 80 டிகிரிக்கு மேல் இருக்கும் என்பதால் பிடித்துக்கொண்டிருக்கக் கூடாது.

இரண்டு ஹோஸும் நல்ல சூடு, இடையே 10 முதல் 15 டிகிரி வித்தியாசம் என்றால் கூலன்ட் ஒழுங்காகச் சுற்றுகிறது. பழுது கதவிலோ அதன் மோட்டாரிலோ இருக்கிறது. ஒன்று கொதிக்கும் சூட்டிலும் மற்றது வெதுவெதுப்பாகவும் இருந்தால் கோருக்குள் அடைப்பு. இரண்டும் வெதுவெதுப்பு, முள்ளும் கீழேயே நிற்கிறது என்றால் தெர்மோஸ்டாட். முள் நடுவில் சரியாக இருந்தும் இரண்டு ஹோஸும் ஆறிக் கிடந்தால் காற்றடைப்பு, கூலன்ட்டைச் சுற்றவைக்கும் வாட்டர் பம்ப், கோருக்குப் போகும் வழியைத் திறந்து மூடும் ஹீட்டர் வால்வு என்ற வரிசையில் பாருங்கள். எல்லாக் கார்களிலும் ஹீட்டர் வால்வு கிடையாது. இருக்கும் கார்களில் அது ஹோஸ் நடுவில், கேபிளோடு அல்லது வேக்குவம் குழாயோடு அமர்ந்திருக்கும். வால்வுக்கு முன் சூடு, வால்வைத் தாண்டியதும் குளிர்ச்சி என்றால் வேறு சாட்சி தேவையில்லை.

முள் சிவப்பை நோக்கி ஏறும்போது ஹீட்டரில் குளிர்காற்று வந்தால், அந்த நிமிடமே ஓரமாக நிறுத்தி இன்ஜினை அணைத்துவிடுங்கள். கூலன்ட் பெருமளவு வெளியேறிவிட்டது அல்லது பம்ப் சுற்றவில்லை என்று அர்த்தம். இன்னும் சிறிது தூரம் என்று ஓட்டினால் சிலிண்டர் ஹெட் வளைந்துவிடும்.

கேள்வி: ஆக்சிலரேட்டரை மிதித்தால் சூடு வருகிறது, சிக்னலில் நின்றால் குளிர்ந்துவிடுகிறது. டேஷ்போர்டுக்குள் தண்ணீர் ஓடுவது போலச் சளசள சத்தம். ஆனால் ரிசர்வ் டப்பாவில் கூலன்ட் சரியான அளவில் இருக்கிறது.

சத்தமே பதிலைச் சொல்லிவிட்டது. கோருக்குள் காற்று சிக்கியிருக்கிறது. பல கார்களில் கூலன்ட் சுற்றுப்பாதையின் உயரமான இடங்களில் ஹீட்டர் கோரும் ஒன்று. காற்று எப்போதும் மேலே ஏறி அங்கே தங்கும். ஐடிலில், அதாவது ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது, பம்ப் மெதுவாகச் சுற்றுவதால் அந்தக் காற்றைத் தள்ள அதற்குப் பலம் போதாது. வேகம் கூடினால் கூலன்ட் எப்படியோ நுழைந்துவிடுகிறது, சூடும் வருகிறது.

ரிசர்வ் டப்பாவை நம்பாதீர்கள். டப்பாவில் அழுத்தம் இல்லாத பழைய வகைக் காரில், இன்ஜின் ஆறும்போது ரேடியேட்டர் மூடியிலுள்ள சின்ன வால்வு திறந்து டப்பாவிலிருந்து கூலன்ட்டை உறிஞ்ச வேண்டும். அந்த வால்வோ மூடியின் ரப்பரோ கெட்டால் உறிஞ்சாது. அப்போது டப்பா நிறைந்திருக்கும், ரேடியேட்டர் வற்றியிருக்கும். எனவே ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியையே திறந்து பார்த்துவிட்டு, ரப்பர் வெடித்திருந்தால் அதே அழுத்த எண் பொறித்த புது மூடி போடுங்கள்.

காற்றை வெளியேற்றும் வேலையை அவசரப்பட்டுச் செய்தால் மறுநாளே திரும்பச் செய்ய வேண்டிவரும். காரின் முன்பக்கத்தைச் சரிவில் ஏற்றியோ ஜாக்கும் ஸ்டாண்டும் வைத்தோ உயர்த்துங்கள். நிரப்பும் வாய்தான் எல்லாவற்றிலும் உயரமாக இருக்க வேண்டும். ஹீட்டர் குமிழ் முழுச் சூட்டில் இருக்கட்டும், இல்லாவிட்டால் வால்வு உள்ள காரில் கோருக்குள் வழியே திறக்காது. தெர்மோஸ்டாட் கூட்டிலோ ஹீட்டர் ஹோஸிலோ காற்றை வெளியேற்றும் ப்ளீட் திருகு இருந்தால் அதைத் தளர்த்துங்கள். கூலன்ட்டை மெல்லிய தாரையாக ஊற்றுங்கள். குடம் கவிழ்ப்பது போல ஊற்றினால் அதுவே காற்றை அடைத்துவிடும். திருகின் வழியே குமிழி இல்லாமல் கூலன்ட் வடியும்போது இறுக்கிவிடுங்கள். திருகு பெரும்பாலும் பிளாஸ்டிக். அளவுக்கு மீறி இறுக்கினால் தலை கையோடு வந்துவிடும்.

இனி மூடியைத் திறந்தே வைத்து இன்ஜினை ஸ்டார்ட் செய்யுங்கள். நிரப்பும் வாயில் பொருந்தும் அகலப் புனல் ஒன்றில் கூலன்ட் நின்றால் குமிழிகள் ஏறி உடைவதைக் கண்ணால் பார்க்கலாம். ஐடிலில் தெர்மோஸ்டாட் திறக்கும்வரை, அதாவது கீழ் ரேடியேட்டர் ஹோஸ் சூடேறும்வரை காத்திருங்கள். இடையிடையே அரை நிமிடம் 2000 முதல் 2500 ஆர்.பி.எம். வரை உயர்த்தி விடுங்கள். கோரிலிருந்து வரும் மேல் ஹோஸ்களைக் கையுறை போட்டுக்கொண்டு மெதுவாக அமுக்கி விடுவதும் உதவும். கேபினில் சூடு வந்து, குமிழி நின்றதும் மூடியை மாட்டி, ஒரு சுற்று ஓட்டி, முழுக்க ஆறிய பிறகு மறுபடி அளவைப் பாருங்கள். கால் லிட்டர் இறங்கியிருப்பது சகஜம். வாரம் ஒருமுறை அதே அளவு இறங்கிக்கொண்டே இருந்தால் அது கசிவு. எங்கே என்று தேடாமல் ஊற்றிக்கொண்டே போகாதீர்கள்.

சில புதிய இன்ஜின்களில் இந்த முறையில் காற்று முழுதாக வெளியேறாது. மின்சார வாட்டர் பம்ப் உள்ளவற்றில், காரின் கணினியோடு இணைக்கும் ஸ்கேனர் கருவி மூலம் பம்பைத் தனியே ஓடவிட வேண்டும். இல்லையென்றால் வேக்குவம் கருவியால் உள்ளிருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டுக் கூலன்ட்டை இழுக்க வைக்க வேண்டும். அந்தக் கருவியில் இன்னொரு நன்மையும் உண்டு. உறிஞ்சிய பின் முள் சில நிமிடம் அசையாமல் நின்றால், எங்கும் ஓட்டை இல்லை என்பதும் கூடவே தெரிந்துவிடும்.

கேள்வி: ஊருக்குள் ஓட்டினால் ஓரளவு சூடு வருகிறது. நெடுஞ்சாலையில் வேகமெடுத்தால் காற்று குளிர்ந்துவிடுகிறது, முள்ளும் கீழே இறங்குகிறது. வேகமாகப் போனால் இன்ஜின் இன்னும் சூடாகத்தானே வேண்டும்?

தெர்மோஸ்டாட் திறந்த நிலையிலேயே சிக்கிக்கொண்டிருக்கிறது. இன்ஜின் சூடேறும்வரை ரேடியேட்டருக்குப் போகும் வழியை மூடிவைப்பதே அதன் வேலை. அது மூடாவிட்டால் கூலன்ட் முதல் நிமிடத்திலிருந்தே பெரிய ரேடியேட்டரைச் சுற்றி வருகிறது. வேகமாகப் போகும்போது ரேடியேட்டரில் மோதும் எதிர்க்காற்று இன்ஜின் தரும் சூட்டைவிட அதிகமாக உறிஞ்சிவிடுகிறது. ஸ்கேனரில் பி 0128 என்ற குறியீடு பதிவாகியிருந்தால் அது பெரும்பாலும் இதையே சொல்கிறது. கூலன்ட் குறைவாக இருந்தாலும், வெப்ப சென்சார் தப்பாகக் காட்டினாலும் இதே குறியீடு வரும் என்பதால் அளவை முதலில் பார்த்துவிடுங்கள்.

கழற்றாமலே உறுதி செய்யலாம். ஆறிய இன்ஜினை ஸ்டார்ட் செய்து மேல் ரேடியேட்டர் ஹோஸை அவ்வப்போது ஒரு கணம் மட்டும் தொட்டுப் பாருங்கள். நல்ல தெர்மோஸ்டாட் என்றால் பல நிமிடம் குளிர்ந்தே இருந்து பிறகு சட்டென்று சூடாகும். இன்ஜினோடு சேர்ந்து ஹோஸும் ஆரம்பத்திலிருந்தே மெல்ல மெல்லச் சூடானால் வழி திறந்தே இருக்கிறது. சில இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் கீழ் ஹோஸ் பக்கம் இருக்கும். அங்கே கீழ் ஹோஸைக் கவனியுங்கள்.

கழற்றியதை நூலில் கட்டி ஒரு பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டு, வெப்பமானி வைத்துச் சூடாக்குங்கள். அடியில் படக் கூடாது. உடலில் 82 என்றோ 88 என்றோ பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்க வேண்டும், அதற்கு மேல் 10 முதல் 15 டிகிரிக்குள் முழுக்கத் திறக்க வேண்டும், ஆறும்போது இடைவெளியே இல்லாமல் மூட வேண்டும். அறை வெப்பத்திலேயே வாய் திறந்திருந்தால் தண்ணீரை அடுப்பில் வைக்கவே தேவையில்லை.

புதியது வாங்கும்போது உங்கள் இன்ஜினுக்குக் குறித்த டிகிரியையே வாங்குங்கள். அதிக டிகிரி போட்டால் ஹீட்டர் இன்னும் சூடாகும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். விசிறி, சென்சார், எரிபொருள் அளவு எல்லாம் பழைய எண்ணை வைத்துக் கணக்கிட்டவை. தட்டில் சின்ன ஊசி வால்வு இருந்தால் அது மேல்பக்கம் வர வேண்டும், காற்று அதன் வழியேதான் தப்பிக்கிறது. ரப்பர் வளையம் புதியதாக இருக்க வேண்டும். கூட்டின் போல்ட்டுகள் வழக்கமாக 6 மில்லிமீட்டர் கனம்தான், 8 முதல் 10 நியூட்டன் மீட்டருக்கு மேல் இறுக்கினால் அலுமினிய மரை கழன்றுவிடும்.

கேள்வி: தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டு அது இல்லாமலே ஓட்டலாமா? குளிருக்கு ரேடியேட்டர் முன் அட்டை வைத்தால் போதாதா?

கூடாது, போதாது. குளிர்ந்த இன்ஜினில் எரிபொருள் அதிகம் செலவாகும், எண்ணெயில் சேரும் ஈரமும் பெட்ரோலும் ஆவியாகி வெளியேறாது, உராய்வில் தேய்மானம் கூடும். அட்டை வைத்த இன்ஜின் ஒரு மேட்டில் ஏறும்போது காற்றில்லாமல் கொதித்துவிடலாம். தெர்மோஸ்டாட் விலை குறைந்த பாகம், மாற்றிவிடுங்கள்.

கேள்வி: ஒரு ஹோஸ் தொட முடியாத சூடு, மற்றொன்று கிட்டத்தட்ட குளிர்ச்சி. கோரை மாற்றாமல் கழுவிச் சரிசெய்ய முடியுமா? வினிகர் ஊற்றச் சொல்கிறார்கள்.

பெரும்பாலான கார்களில் முடியும். மாற்றுவதற்கு முன் கழுவிப் பார்ப்பதுதான் நியாயம்.

கோரின் குழல்கள் தட்டையானவை, உள்வழி மிக ஒடுக்கம். வருடக்கணக்கில் மாற்றாத கூலன்ட்டில் துருத்தடுப்பு மருந்து தீர்ந்துபோய்த் துருவும் சேறும் அங்கே படியும். குழாய்த் தண்ணீரை ஊற்றியிருந்தால் சுண்ணாம்பும் சேரும். இரண்டு வகைக் கூலன்ட்டைக் கலந்தால் சில சேர்க்கைகள் ஜெல்லி போலத் திரளும். கசிவை அடைக்கும் பொடி, திரவம் என்று விற்பவற்றைப் போட்டிருந்தால் அவை முதலில் அடைப்பது இந்தக் குழல்களைத்தான். ரேடியேட்டர் ஓட்டைக்குப் போட்ட மருந்து ஹீட்டரைப் பறித்துக்கொள்வது பணிமனைகளில் அடிக்கடி பார்க்கும் சங்கதி. ஆள் நடமாட்டமில்லாத சாலையில் மாட்டிக்கொண்டால் தவிர அந்த மருந்தைத் தொடாதீர்கள்.

கழுவும் முறையைச் சொல்கிறேன். இன்ஜின் ஆறியபின் இரண்டு ஹோஸையும் தடுப்புச் சுவர்ப் பக்கத்தில் கழற்றுங்கள். ஒட்டிக்கொண்ட ஹோஸை இழுக்காதீர்கள். கோரின் குழாய் மெல்லிய அலுமினியமோ பித்தளையோ. இழுத்தால் உள்ளே பற்றவைப்பு விட்டு, நல்ல கோரும் ஒழுகத் தொடங்கும். முதலில் முறுக்கி அசைத்துப் பாருங்கள், வராவிட்டால் ஹோஸை நீளவாக்கில் கத்தியால் கீறி எடுத்துவிட்டுப் புது ஹோஸ் போடுங்கள். ஹோஸ் போனால் போகட்டும், கோர் போகக் கூடாது.

பிறகு ஒவ்வொரு குழாயிலும் ஓரடி தெளிவான பிளாஸ்டிக் ட்யூப் மாட்டுங்கள்; உள்விட்டம் பெரும்பாலும் 16 அல்லது 19 மில்லிமீட்டர். கூலன்ட் வழக்கமாக வெளியேறும் பக்கத்திலிருந்து தண்ணீரை உள்ளே விடுங்கள். அடைத்த குப்பை வந்த வழியே திரும்பிப் போகத்தான் இந்த எதிர்த்திசை. அழுத்தம் 1 பாருக்குள் இருக்கட்டும், குழாயைக் கால்வாசிதான் திறக்க வேண்டும். கோரின் வேலை அழுத்தமே அவ்வளவுதான். கம்ப்ரஸர் காற்றையோ முழு வேகத் தண்ணீரையோ விட்டால் கேபினுக்குள் வெடித்துக் கம்பளம் நனையும். பழுப்புத் தண்ணீர் தெளியும்வரை விட்டு, திசையை மாற்றி, மறுபடி திசையை மாற்றி, நான்கைந்து சுற்று செய்யுங்கள். சில கார்களின் உள்வரும் குழாயில் ஓட்டத்தைக் குறைக்கும் சின்ன வில்லை ஒன்று இருக்கும். அதை அடைப்பென்று நினைத்துக் கம்பியால் குத்திவிடாதீர்கள்.

தண்ணீருக்கு அசையாத படிவு என்றால், கூலிங் சிஸ்டத்துக்கென்றே விற்கும் கழுவுமருந்தை அதன் புட்டியில் சொன்ன அளவில், வெதுவெதுப்பான நீரில் கலந்து, கோருக்குள் மட்டும் நிரப்பி, சொன்ன நேரம் ஊறவிட்டுக் கழுவுங்கள். வினிகர் சுண்ணாம்பைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் அது அமிலம், அலுமினியத்தையும் அரிக்கும். கோருக்குள் எவ்வளவு அலுமினியம் மிச்சமிருக்கிறது என்று வெளியிலிருந்து தெரியாத நிலையில் அதைப் பரிந்துரைக்க எனக்கு மனமில்லை. எந்த மருந்து போட்டாலும் கடைசிக் கழுவலை டிஸ்டில்டு வாட்டரில் செய்யுங்கள்.

கோரைக் கழுவிவிட்டு இன்ஜினில் பழைய சேற்றுக் கூலன்ட்டையே விட்டால் ஒரு மாதத்தில் பழைய கதைதான். மொத்தக் கூலன்ட்டையும் மாற்றுங்கள். நிறத்தைப் பார்த்து வாங்க வேண்டாம். பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் தயாரிப்பாளர் கலந்த சாயம்தான். கையேட்டில் எழுதியிருக்கும் தர எண்ணைப் பார்த்து வாங்குங்கள். செறிவான கூலன்ட் என்றால் டிஸ்டில்டு வாட்டரோடு பாதிக்குப் பாதி. எத்திலீன் கிளைகால் கலவை அந்த விகிதத்தில் சுமார் மைனஸ் 37 டிகிரிவரை உறையாது. கலக்காமல் ஊற்றினால் இன்னும் நல்லது என்பது தவறு: தனிக் கிளைகால் மைனஸ் 13 டிகிரியிலேயே உறையத் தொடங்கும், தண்ணீரைவிட மிகக் குறைந்த வெப்பத்தையே சுமக்கும். வடித்த பழைய கூலன்ட்டை உடனே மூடி வையுங்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் பூனையும் குடித்துவிடும். சிறிதளவே உயிரைப் பறிக்கும்.

கேள்வி: இரண்டு ஹோஸும் சமமாகச் சூடு, ஆனால் கேபினில் குளிர்காற்று. வண்டியை ஸ்டார்ட் செய்ததும் டேஷ்போர்டுக்குள் சில நொடிகள் டக்டக் என்று சத்தம்.

ப்ளெண்ட் டோரைத் திருப்பும் ஆக்சுவேட்டரில் பல் உடைந்திருக்கிறது. உள்ளங்கை அளவுள்ள அந்தப் பெட்டிக்குள் குட்டி மோட்டாரும் பிளாஸ்டிக் பல்சக்கரங்களும் இருக்கின்றன. ஒரு பல் உடைந்தால் சக்கரம் அதே இடத்தில் வழுக்கி வழுக்கித் தட்டும். கதவு கடைசியாக நின்ற இடத்திலேயே, உங்கள் விஷயத்தில் குளிர்ப் பக்கத்தில், நின்றுவிடும்.

ப்ளோயரை மெதுவாக விட்டு, வெப்பத்தைக் குளிரிலிருந்து சூட்டுக்கு மாற்றிக்கொண்டே கையுறைப் பெட்டியின் பின்புறத்திலும் காலடியிலும் காதை வையுங்கள். சத்தம் வரும் பெட்டியைக் கண்டுபிடித்தால் இரண்டு மூன்று திருகில் அது கழன்று வரும். டேஷ்போர்டின் உள்மூலையில் இருந்தால் மட்டும் வேலை பெரிது. கழற்றியதும் கதவின் தண்டை விரலால் மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை சீராகப் போய் முட்டி நின்று, காற்றும் சூடானால் கதவு நன்றாக இருக்கிறது, ஆக்சுவேட்டரை மட்டும் மாற்றினால் போதும். முட்டவே இல்லாமல் சும்மா சுற்றினால் கதவின் தண்டே முறிந்திருக்கிறது. அசையவே இல்லையென்றால் பேனா, நாணயம், உடைந்த பிளாஸ்டிக் ஏதாவது வழியில் சிக்கியிருக்கலாம். கதவு சிக்கிய நிலையில் புது ஆக்சுவேட்டர் மாட்டினால் அதன் பல்லும் போகும்.

புதியது மாட்டியபின், கதவு முட்டி நிற்கும் இரு முனைகளையும் அது கற்றுக்கொள்ள வேண்டும். பல கார்களில் ஏ.சி. ஃப்யூஸைச் சில நிமிடம் கழற்றி மாட்டி, சாவியை ஆன் செய்துவிட்டு ஓரிரு நிமிடம் எந்தப் பொத்தானையும் தொடாமல் இருந்தால் தானே கற்றுக்கொள்ளும். சில கார்களுக்கு ஸ்கேனர் வேண்டும். பேட்டரியைக் கழற்றி மாட்டிய மறுநாள் ஹீட்டர் கெட்டது என்றால், பாகம் வாங்கும் முன் இந்தக் கற்பித்தலைச் செய்து பாருங்கள்.

கேபிள் வைத்த பழைய கார்களில் வேலை இன்னும் சுலபம். குமிழ் திரும்பும், கதவு திரும்பாது. கேபிளின் வெளியுறையைப் பிடித்திருக்கும் கிளிப் நழுவியிருக்கும், அதை மாட்டிவிட்டால் சரி.

கேள்வி: ஓட்டுநர் பக்கம் குளிர், பக்கத்து இருக்கையில் சூடு. எதனால்?

இரு பக்கத்துக்கும் தனித்தனி வெப்பம் வைக்கும் காரில் இரண்டு ப்ளெண்ட் டோர், இரண்டு ஆக்சுவேட்டர். குளிர்ந்த பக்கத்தினுடையதைச் சோதியுங்கள். ஆனால் அதற்கு முன் கூலன்ட் அளவைப் பாருங்கள். கோர் பாதி அடைத்திருந்தாலோ பாதி காற்றாக இருந்தாலோ அதன் ஒரு பாதி மட்டும் சூடாகும், அந்தப் பக்கத்துக்கு மட்டும் சூடு போகும். அந்தக் கார்களில் ஆக்சுவேட்டரை மாற்றியும் பயன் இருக்காது.

கேள்வி: ஹீட்டர் போட்டால் இனிப்பான வாடை, கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் பசையாக மங்கல். பயணிப் பக்கக் கம்பளம் ஈரமாக இருக்கிறது.

கோர் ஒழுகுகிறது. கழுவுவதும் மருந்து ஊற்றுவதும் இங்கே உதவாது, மாற்ற வேண்டியதுதான். ஈரம் கூலன்ட்தானா என்று மட்டும் முதலில் உறுதி செய்யுங்கள். ஏ.சி.யின் வடிகுழாய் அடைத்தாலும் கம்பளம் நனையும், அது வெறும் தண்ணீர், வாடையோ பிசுபிசுப்போ இருக்காது. வெள்ளைக் காகிதத்தால் ஒற்றிப் பார்த்தால் சாயம் தெரியும்.

புதிய கோர் வரும்வரை, உள்வரும் ஹோஸையும் வெளியேறும் ஹோஸையும் ஒரு இணைப்புக் குழாயால் நேரே சேர்த்துவிட்டால் கார் ஓடும். இரு முனையையும் தனித்தனியே அடைப்பதைவிட இது மேல், சில இன்ஜின்களில் கூலன்ட் சுற்றுவதற்கே அந்த வழி தேவை. ஆனால் முன்கண்ணாடியின் பனி விலகாது என்பதால், கண்ணாடி மங்கும் குளிரில் அந்தக் காரை ஓட்டக் கூடாது.

கேள்வி: மூன்று முறை காற்றை வெளியேற்றியாகிவிட்டது. இரண்டு நாளில் மறுபடி சளசளப்பு, மறுபடி குளிர்காற்று.

அப்படியானால் காற்று வெளியிலிருந்து வரவில்லை, சிலிண்டரில் எரிபொருள் எரிந்து உண்டாகும் வாயு உள்ளிருந்து வருகிறது. சிலிண்டர் ஹெட்டுக்கு அடியில் அடைப்பாக இருக்கும் ஹெட் கேஸ்கெட் கசிந்தால் சிலிண்டரின் அழுத்தம் கூலன்ட்டுக்குள் புகுந்து, உயரமான இடமான கோரில் போய்த் தங்கும். காலையில் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்தில், இன்ஜின் சூடாகும் முன்பே மேல் ஹோஸ் கல் போல இறுகினால் சந்தேகம் வலுக்கிறது. டேங்க் வாயில் வைத்துச் சோதிக்கும் நீல நிறத் திரவம் ஒன்று கிடைக்கிறது. அந்த வாயு பட்டால், பெட்ரோல் காரில் அது மஞ்சளாக மாறும். எண்ணெய் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கில் பால் கலந்தது போன்ற எண்ணெய், புகைக்குழாயில் இனிப்பு வாடையோடு நிற்காத வெள்ளைப் புகை, இவை வரும்வரை காத்திருக்க வேண்டாம். சோதனையில் அந்த வாயு இல்லை என்று தெரிந்தால் வாட்டர் பம்பைக் கழற்றிப் பாருங்கள்; இதழ்கள் துருப்பிடித்து உதிர்ந்த பம்பும், பிளாஸ்டிக் சக்கரம் தண்டில் வழுக்கும் பம்பும் வெளியே ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் கெட்டிருக்கும்.

கேள்வி: காற்றே மெல்லியதாகத்தான் வருகிறது, வருவது சூடுதான்.

கேபின் ஃபில்டரை மாற்றுங்கள். ஒரே ஒரு வேகத்தில் மட்டும் விசிறி ஓடினால், அதன் வேகத்தை மாற்றும் ப்ளோயர் ரெசிஸ்டர் கெட்டிருக்கிறது.

கேள்வி: டீசல் காரில் சூடு வர வெகுநேரம் ஆகிறது. இது பழுதா?

பெரும்பாலும் இல்லை. டீசல் இன்ஜின், குறிப்பாக ஐடிலில், கூலன்ட்டுக்குத் தரும் சூடு குறைவு. நிறுத்திய இடத்தில் அரைமணி ஓடவிடுவதைவிட மெதுவாக ஓட்டிக்கொண்டே போனால் சீக்கிரம் சூடாகும். முதல் சில நிமிடம் ப்ளோயரைக் குறைவாகவே வைத்திருங்கள். இந்தக் குறையை ஈடுகட்ட, பல டீசல் கார்களில் கோரை ஒட்டிச் சுமார் 1 கிலோவாட் அளவில் பி.டி.சி. மின் ஹீட்டர் இருக்கும். சென்ற குளிர்காலத்தில் சீக்கிரம் வந்த சூடு இந்த ஆண்டு தாமதமானால் அதன் ஃப்யூஸையும் ரிலேயையும், அதோடு தெர்மோஸ்டாட்டையும் பாருங்கள்.

கேள்வி: மின்சாரக் காரில் குளிர்காற்று வந்தால் இதே சோதனைகள் பொருந்துமா?

கதவு, ஆக்சுவேட்டர், கேபின் ஃபில்டர்வரை பொருந்தும். சூடு பிறக்கும் இடம்தான் வேறு. சில கார்களில் உயர் மின்னழுத்த பி.டி.சி. ஹீட்டர் காற்றையே சூடாக்கும். சிலவற்றில் அது கூலன்ட்டைச் சூடாக்கி, குட்டி மின் பம்ப் ஒன்று கோருக்கு அனுப்பும். இந்த இரண்டாம் வகையில் கூலன்ட் குறைவும் காற்றடைப்பும் மேலே சொன்ன அதே குறையைத் தரும், அந்தத் தனி டேங்கின் அளவை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். நிஸான் லீஃப் 2013லிருந்து சில ரகங்களிலும், டெஸ்லா மாடல் ஒய் 2020லிருந்தும் ஹீட் பம்ப் வைத்து வந்தன. ஏ.சி.யையே திருப்பிப் போட்டது போல, வெளிக்காற்றின் வெப்பத்தை உள்ளே ஏற்றும் ஏற்பாடு அது. அதில் குளிர்வாயு கசிந்தால் ஹீட்டரும் ஏ.சி.யும் சேர்ந்தே படுத்துவிடும். ஆரஞ்சு நிற உறை போட்ட கேபிள்கள் செல்லும் எந்தப் பாகத்தையும் கழற்றாதீர்கள். அதில் ஓடுவது பல நூறு வோல்ட். பயிற்சி பெற்றவர் மின்சாரத்தைத் துண்டித்து, அளந்து உறுதி செய்த பிறகே அங்கே கை போக வேண்டும்.